டால்கம் பவுடர்: ஒரு சந்தேகத்தின் வரலாறு

டால்க் என்பது நீரேறிய மெக்னீசியம் சிலிகேட். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்குப் பத்து, டால்குக்கு ஒன்று. நகத்தால் கீறினாலே உதிர்ந்துவிடும். அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாக அமர்ந்திருப்பதால், விரலிடையே தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீரில் கரையாது, வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டால்க் மிகுந்த பாறைக்குத்தான் தமிழில் மாக்கல் என்று பெயர். வற்றல்குழம்பு வைக்கும் கல்சட்டியும், பிள்ளைகள் சிலேட்டில் எழுதிய பலப்பமும் அந்தப் பாறையில் செய்தவையே. இந்தியாவில் இதைப் பெருமளவு வெட்டியெடுக்கும் மாநிலம் ராஜஸ்தான்.

மெக்னீசியம் மிகுந்த பாறைகள் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி, நீரோடு வினைபுரிந்து உருமாறும்போது டால்க் உண்டாகிறது. அதே பாறை, அதே நீர். சூழல் சற்று மாறினால் போதும், டால்குக்குப் பதிலாக ட்ரெமோலைட், ஆந்தோஃபிலைட், கிரைசோடைல் முதலிய கனிமங்கள் உருவாகும். இவை நார்நாராக வளர்ந்திருந்தால் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். எல்லா டால்க் சுரங்கத்திலும் கல்நார் இருப்பதில்லை. ஆனால் சில சுரங்கங்களில் டால்க் படிவத்தின் ஓரத்திலோ அதற்குள்ளேயே நரம்பாகவோ ஓடுகிறது. டால்கம் பவுடரைப் பற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் விவாதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. டால்க் என்ற கனிமமே புற்றுநோயை உண்டாக்குமா என்பது ஒன்று. அதோடு கலந்து வரும் கல்நார் உண்டாக்குகிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசியதால்தான் பாதிக் குழப்பம்.

டால்க் டப்பாவுக்குள் புகுந்து விற்பனைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில். நெவார்க் நகர மருந்துக் கடைக்காரர் கெர்ஹார்ட் மென்னன் 1880களின் இறுதியில் போரிக் அமிலம் கலந்த குழந்தைப் பவுடரை விற்கத் தொடங்கினார். அதே மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக்கில் 1886இல் தொடங்கிய ஜான்சன் அண்ட் ஜான்சன் அப்போது மருந்து பூசிய பிளாஸ்திரிகளை விற்றுவந்தது. பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் தோல் எரிகிறது என்று ஒரு மருத்துவர் எழுத, நிறுவனத்தின் அறிவியல் பிரிவுத் தலைவர் ஃப்ரெட் கில்மர் இத்தாலிய டால்க் கொஞ்சம் அனுப்பிவைத்தார். (கவிஞர் ஜாய்ஸ் கில்மரின் தந்தை இவர்.) பிறகு பிளாஸ்திரியோடு ஒரு சிறு டப்பா டால்க்கும் சேர்ந்தே போனது. வாங்கியவர்கள் அதைக் குழந்தையின் அணையாடைப் புண்ணுக்கும் தூவிப் பார்த்து, டால்க் மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டார்கள். 1894இல் பேபி பவுடர் பிறந்தது.

குழந்தைக்கு வந்த பவுடர் சீக்கிரமே தாய்க்கும் ஆனது. அமெரிக்காவில் பெண்கள் உள்ளாடையிலும் அந்தரங்க உறுப்பைச் சுற்றியும் தூவிக்கொள்வது வழக்கமாயிற்று. விளம்பரங்கள் அதை வெளிப்படையாகவே ஊக்கின. கருத்தடை உறையிலும் மாதவிடாய் நாப்கினிலும்கூட டால்க் இருந்தது. தமிழ்நாட்டில் பவுடர் முதன்மையாக முகத்துக்கும் கழுத்துக்கும் ஆனது. குளித்துத் தலைசீவிப் பொட்டு வைப்பதற்கு முன் பாண்ட்ஸோ கியூட்டிகுராவோ பூசுவது பல தலைமுறைப் பழக்கம். இந்த வேறுபாடு முக்கியமானது. பின்னால் வரும் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பெண்களின் வழக்கத்தை வைத்து எழுந்தவை. முகத்துக்குப் பூசும் பழக்கத்துக்கு அவை அப்படியே பொருந்தா.

டால்க் உடலுக்குள் போனால் தீங்கு செய்யும் என்று முதலில் அறிந்தவர்கள் அறுவை மருத்துவர்கள். ரப்பர் கையுறை எளிதாக நுழையட்டும் என்று அதற்குள் டால்க் தூவினார்கள். அது நோயாளியின் வயிற்றுக்குள் உதிர்ந்து, அங்கே கட்டிகளையும் குடல் ஒட்டுதல்களையும் உண்டாக்கியது. 1940களில் கையுறைகளில் டால்குக்குப் பதில் சோள மாவு வந்தது. சோள மாவும் குற்றமற்றதாக இருக்கவில்லை. 2017 ஜனவரியில் அமெரிக்கா பவுடர் பூசிய கையுறைகளையே தடை செய்தது. ஆக, அறுவைக் கூடத்தில் ஆகாது என்று 1940களிலேயே ஒதுக்கிய பொருள், குளியலறையில் இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

கல்நார் பற்றிய அறிவு வேறு பாதையில் வளர்ந்தது. 1960இல் தென்னாப்பிரிக்காவில் ஜே. சி. வாக்னரும் அவர் சகாக்களும் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 பேருக்கு மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்திருந்ததை எழுதினார்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் நோய் அது. நோயாளிகளில் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே அல்லர். அந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான். 1964இல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் இர்விங் செலிகாஃப் கல்நார்த் தொழிலாளர்களிடையே நுரையீரல் புற்றுநோய் எவ்வளவு மிகுதி என்பதைக் காட்டினார். கல்நாருக்கு இரண்டு தீக்குணங்கள் உண்டு. நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். இதற்குக் கீழே போனால் பயமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை.

இந்த இரு பாதைகளும் சந்தித்த ஆண்டு 1971. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் டபிள்யூ. ஜே. ஹெண்டர்சன் குழுவினர் சினைப்பைக் கட்டிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, 13இல் 10 கட்டிகளில் டால்க் துகள்கள் பதிந்திருந்தன. கருப்பை வாய்க் கட்டிகளிலும் இருந்தன. செய்தியாகப் பரவியது இந்தப் பாதிதான். அதே கட்டுரையில், நோயில்லாத 12 சினைப்பைகளில் ஐந்திலும் டால்க் இருந்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வெளியே தூவும் துகள் உள்ளே போய்ச் சேர வழி உண்டு என்பதற்கு அது நல்ல சான்று. அந்தத் துகளே நோயைக் கொண்டுவந்தது என்பதற்குச் சான்று ஆகாது.

நியூயார்க்கில் செலிகாஃபின் சகாக்கள் கடைகளில் விற்கும் பவுடர்களைச் சோதித்தார்கள். 1976இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, 20 பவுடர்களில் பத்தில் ட்ரெமோலைட் அல்லது ஆந்தோஃபிலைட் இருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு முன்பே, 1973இல், மருந்துகளில் சேரும் டால்கில் கல்நாருக்கு உச்சவரம்பு விதிக்க முன்மொழிந்திருந்தது. அது சட்டமாகவே இல்லை. 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி அழகுசாதனப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர அரசின் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பைக் காட்டவேண்டிய பொறுப்பு விற்பவருடையது. 1976இல் அமெரிக்க அழகுசாதன உற்பத்தியாளர் சங்கம் தானே ஒரு தரக்கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டது, அரசும் அதோடு நின்றுவிட்டது.

அந்தக் கட்டுப்பாடு சொன்ன சோதனை முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லா வழக்கும் அங்கேதான் போய் முட்டுகின்றன. பவுடர் மாதிரியை எக்ஸ் கதிரில் வைத்து, கல்நார் வகைக் கனிமத்தின் அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பது முதல் படி. தெரிந்தால்தான் நுண்ணோக்கிக்குப் போகும். தெரியாவிட்டால் சோதனை அத்தோடு முடிந்தது. அந்த எக்ஸ் கதிர் முறையால் எடையில் அரை சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதைக் காண இயலாது. ஒரு கிராம் பவுடரில் அரை சதவீதம் என்றால் 5 மில்லிகிராம். கல்நார் இழைகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் அந்த 5 மில்லிகிராமில் கோடிக்கணக்கில் அடங்கும். கிரைசோடைல் வகையைத் தேடவும் அந்த முறை கட்டாயப்படுத்தவில்லை. பெரிய கண்ணுள்ள வலையை வீசிவிட்டுக் குளத்தில் அயிரை மீனே இல்லை என்று எழுதிக்கொடுப்பது போன்ற சான்றிதழ் அது. எலக்ட்ரான் நுண்ணோக்கி அப்போதே இருந்தது. செலவும் நேரமும் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் ‘கல்நார் அற்றது’ என்ற சொல், ‘இந்த முறைக்குத் தென்படவில்லை’ என்ற பொருளில் நாற்பது ஆண்டுகள் புழங்கியது.

தூய டால்கின் தன்மையைச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அறியமுடியுமா என்றும் பார்த்தார்கள். கல்நார்க் கலப்பு அரிதான இத்தாலியின் வால் கிசோனே சுரங்கத் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுந்து காணப்படவில்லை. ட்ரெமோலைட் கலந்த நியூயார்க் மாநிலச் சுரங்கங்களில் மிகுந்து காணப்பட்டது. 1993இல் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் கல்நார் இல்லாத டால்கைக் காற்றில் கலந்து விலங்குகளைச் சுவாசிக்கச் செய்தபோது, பெண் எலிகளுக்கு நுரையீரல் கட்டி வந்தது, சுண்டெலிகளுக்கு வரவில்லை.

பவுடர் பூசும் பெண்களைப் பற்றிய முதல் பெரிய ஆய்வை 1982இல் ஹார்வர்டின் டேனியல் கிரேமர் வெளியிட்டார். சினைப்பைப் புற்றுநோய் வந்த 215 பெண்களையும் வராத 215 பெண்களையும் ஒப்பிட்டதில், அந்தரங்க உறுப்பில் டால்க் பயன்படுத்தியவர்களுக்கு நோய் அபாயம் 1.92 மடங்கு என்று வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இதே வகையில் பல ஆய்வுகள் நடந்தன. அவற்றில் எட்டை ஒன்றுசேர்த்து 2013இல் வெளியான கணக்கில் 8,525 நோயாளிகளும் 9,859 பிறரும் இருந்தார்கள், அபாயம் 1.24 மடங்காக இறங்கியிருந்தது.

இவ்வகை ஆய்வுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. நோய் வந்தபின் கேட்கிறார்கள். எதனால் எனக்கு வந்தது என்று இரவுபகலாக யோசித்துக்கொண்டிருப்பவருக்கு, முப்பது ஆண்டுகளுக்கு முன் பூசிய பவுடர் நினைவுக்கு வரும். நோயில்லாதவருக்கு அது நினைவில் நிற்கவேண்டிய அவசியம் இல்லை. இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடையே நடந்த ஓர் ஆய்வில், வழக்குகள் செய்தியாகிய 2014க்குப் பின் பேட்டி கண்டவர்களிடம் தொடர்பு முன்பைவிட மிக வலுவாகத் தெரிந்தது.

இந்தக் குறையைத் தவிர்க்க ஒரே வழி, நலமாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டு பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது. 78,630 செவிலியரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2000இல் வெளியானது. ஒட்டுமொத்தமாகத் தொடர்பு இல்லை, புற்றுநோயின் ஒரு வகையில் மட்டும் சிறிது மிகுதி. மாதவிடாய் நின்ற 61,576 பெண்களை வைத்து 2014இல் வந்த ஆய்விலும் தொடர்பு தெரியவில்லை. 2020இல் நான்கு பெரும் ஆய்வுகளைச் சேர்த்து, 2,52,745 பெண்களின் தரவு ஜாமா இதழில் வந்தது. பவுடர் பூசியவர்களிடம் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 61 புற்றுநோய், பூசாதவர்களிடம் 55. விகிதம் 1.08, தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய எல்லைக்குள் அது இருந்தது. கருப்பையும் கருக்குழாய்களும் அகற்றப்படாத, அடைக்கப்படாத பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் விகிதம் 1.13, அது எல்லையைச் சற்றே தாண்டியது. துகள் போக வழியுள்ளவர்களிடம்தான் தொடர்பு தெரிகிறது என்பதால் இந்தச் சிறிய எண்ணை முழுக்க ஒதுக்கவும் முடியாது. காத்திருக்கும் ஆய்வுகளுக்கும் குறை உண்டு: சினைப்பைப் புற்றுநோய் அரிது என்பதால் இரண்டரை லட்சம் பேரிலும் நோயாளிகள் இரண்டாயிரத்துச் சொச்சமே, பலவற்றில் பவுடரைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு முறை.

மடங்குகளைத் தலைகளாக மாற்றினால் அளவு தெளிவாகும். 2020 வாக்கிலான கணக்குப்படி, அமெரிக்கப் பெண்கள் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 13 பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும். 1.24 மடங்கு என்ற கூடுதலான கணக்கையே ஏற்றாலும் அது 16 ஆகும், 1.08 என்றால் 14. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பிடிக்காதவரைவிடப் பத்து, இருபது மடங்கு. இரண்டையும் ஒரே குரலில் எச்சரிப்பது அளவறியாத செயல்.

உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. கல்நார் இழை கலந்த டால்கை அது 1987இல் முதல் வகுப்பில், அதாவது புற்றுநோயை உறுதியாக உண்டாக்குபவற்றில், வைத்தது. அந்தரங்க உறுப்பில் டால்க் பவுடர் தூவுவதை 2006இல் ‘உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி வகுப்பில் சேர்த்தது. 2024 ஜூலையில் டால்கையே ‘உண்டாக்க வாய்ப்பு மிகுதி’ என்ற 2ஏ வகுப்புக்கு உயர்த்தியது. செம்மறி, மாட்டிறைச்சி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியும், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமும், இரவுப்பணியும் அதே வகுப்பில் இருக்கின்றன. இந்த வகுப்புகள் சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. செய்தித் தலைப்புகள் இதைத் தவறாமல் கோட்டை விடுகின்றன.

அறிவியல் இப்படித் தயங்கித் தயங்கி நடக்க, நீதிமன்றங்கள் தாவின. 2013இல் தெற்கு டகோட்டாவில் ஒரு ஜூரி, எச்சரிக்கை அச்சிடாதது ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் கவனக்குறைவு என்றது. இழப்பீடாக ஒரு காசும் தரச் சொல்லவில்லை. 2016இல் செயின்ட் லூயிஸ் ஜூரி 7.2 கோடி டாலர் விதித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2018இல் அதே நகரில் 22 பெண்களின் வழக்கில் 469 கோடி டாலர் தீர்ப்பு வந்தது. பின்னர் அது ஏறத்தாழ 210 கோடியாகக் குறைந்து, 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததால் நிலைத்தது. வேறு பல ஜூரிகள் நிறுவனத்தின் பக்கம் நின்றன. வழக்குகளால் விளைந்த பெரிய பயன் பழைய கோப்புகள் வெளியே வந்ததுதான். 1971 முதல் 2000களின் தொடக்கம்வரை நிறுவனத்தின் டால்கிலும் பவுடரிலும் சிற்சில சோதனைகளில் சிறிதளவு கல்நார் தென்பட்டதையும், அது அரசுக்குத் தெரிவிக்கப்படாததையும் அந்தக் கோப்புகளைக் கொண்டு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018 டிசம்பரில் எழுதியது. தன் பவுடர் பாதுகாப்பானது, கல்நார் இல்லாதது என்பதே ஜான்சன் அண்ட் ஜான்சன் இன்றுவரை சொல்லும் பதில். 2019 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு டப்பாவில் 0.00002 சதவீதம் கிரைசோடைல் கண்டது; ஏறத்தாழ 33,000 டப்பாக்கள் திரும்பப் பெறப்பட்டன. பழைய முறையாக இருந்தால் இந்த அளவைக் கண்டிருக்கவே முடியாது. 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பேபி பவுடர் விற்பனை நின்றது. 2023இல் உலகம் முழுவதும் நின்று, சோள மாவுப் பவுடர் வந்தது. துணை நிறுவனங்களைத் தொடங்கித் திவால் சட்டத்தின் வழியே வழக்குகளை முடிக்க நிறுவனம் மூன்று முறை முயன்றது. மூன்றாவது முயற்சியும் 2025 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது.

இந்தியாவில் ராய்ட்டர்ஸ் செய்தியை ஒட்டி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2018 டிசம்பரில் மாதிரிகள் எடுத்தார்கள்; கல்நார் இல்லை என்று 2019 பிப்ரவரியில் முடிவு வந்தது. அதே ஆண்டு ஓர் ஆய்விதழ்க் கட்டுரை, இந்தியச் சந்தையில் வாங்கிய டால்க் பொருட்கள் சிலவற்றில் எலக்ட்ரான் நுண்ணோக்கி கல்நாரைக் காட்டியதாகச் சொன்னது. 2022இல் மகாராஷ்டிரத்தில் மும்பை முலுண்ட் ஆலையின் பேபி பவுடர் உரிமம் ரத்தானதைப் பலர் புற்றுநோயோடு சேர்த்துப் பேசினார்கள். அந்த வழக்கு பவுடரின் காரத்தன்மை பற்றியது. 2023 ஜனவரியில் மும்பை உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. டால்க் பவுடர் இங்கே பல பெயர்களில் இன்னும் விற்கிறது. சுரங்கத்துக்குச் சுரங்கம் கனிமம் மாறும் என்பதால், ஒரு நிறுவனத்தின் டப்பாவைச் சோதித்து வந்த முடிவை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்ட இயலாது. ஒவ்வொரு சரக்கையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழி.

அபாயத்தை எடைபோடும்போது மறுதட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு மருந்தின் சிறு ஆபத்தை நோயாளி ஏற்பது, அது நோயைத் தீர்க்கும் என்பதால். பவுடர் தருவது சிறிது வழுவழுப்பும் வாசனையும்; சோள மாவும் அதைத் தருகிறது. ஆயிரத்தில் ஒன்றோ மூன்றோ என்ற ஐயத்துக்குரிய கூடுதலுக்காக நேற்றுவரை பூசியவர்கள் அஞ்சவேண்டியதில்லை. அந்தரங்க உறுப்பில் தூவும் பழக்கத்தை விட்டுவிட அந்த ஐயமே போதும். கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை புற்றுநோய்வரை போகவேண்டியதே இல்லை: தூவும்போது எழும் புகைபோன்ற தூளை மூச்சில் இழுத்துக் குழந்தைகள் மூச்சுத்திணறலுக்கு ஆளானதும் இறந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. எந்தப் பவுடரும் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்கள் தரும் அறிவுரை.